உங்கள் வகுப்பை நீங்களே ஆராய்வது எப்படி? மும்பைத் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.எட். முடித்தவர்களிடம் ‘செயலாய்வு’ (ஆக்‌ஷன் ரிசர்ச், அதாவது ஆசிரியர் தன் வகுப்பையே ஆராய்வது) என்று சொன்னால், ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு ரிப்போர்ட்தான் ஞாபகத்துக்கு வரும். ஐந்து அத்தியாயம், நாலாவதில் ஒரு பட்டை வரைபடம், கடைசியில் ‘புதிய முறையால் மாணவர்களின் அடைவு உயர்ந்தது’ என்று ஒரு வரி. அந்த வரி, முதல் பக்கம் டைப் அடிக்கும்போதே முடிவாகியிருக்கும். அப்படி ஒரு ரிப்போர்ட் எழுதச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை வேறு வேலைக்கு. நாளைக் காலை வகுப்புக்குப் போகும் ஒருவர், அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்து, ஒரே ஒரு விஷயத்தை மாற்றி, அது பலித்ததா இல்லையா என்று தனக்கே நேர்மையாகச் சொல்லிக்கொள்வதற்கு.

மும்பை மாநகராட்சிப் பள்ளிகள் எட்டு மொழிவழிகளில் நடக்கின்றன. அதில் தமிழும் ஒன்று. தாராவியில் அப்படி ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுப்பவருக்கும், இங்கிலீஷ் மீடியத்தில் அறிவியல் எடுப்பவருக்கும், செம்பூரில் மாலையில் ட்யூஷன் நடத்துபவருக்கும், ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்தும் தன்னார்வலருக்கும் கீழே சொல்லும் முறை ஒன்றுதான். கால அளவு மட்டும் மாறும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. செயலாய்வு என்ற இந்த வழிமுறைக்குப் பெயர் வைத்தவர் குர்ட் லெவின் என்ற உளவியலாளர், 1946-இல் எழுதினார். அவர் எழுதியது பள்ளிக்கூடத்தைப் பற்றி அல்ல, சமூகக் குழுக்களுக்கு இடையிலான உறவைப் பற்றி. திட்டமிடு, செய், கவனி, யோசி, மறுபடி திட்டமிடு என்ற சுற்று அவரிடமிருந்து வந்தது. 1953-இல் ஸ்டீபன் கோரி அதைப் பள்ளி ஆசிரியர்களுக்கானதாக ஆக்கினார். இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஆசிரியரே ஆராய்ச்சியாளர் என்றார். வெளியிலிருந்து வருபவர் கண்டுபிடித்துக் கொடுப்பதை ஆசிரியர் செயல்படுத்துவார் என்ற ஏற்பாட்டையே அவர் கேள்வி கேட்டார். 1983-இல் டொனால்ட் ஷோன், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது, முடிந்தபின் யோசிப்பது என்று இரண்டாகப் பிரித்தார். வகுப்பில் நிற்கும்போது முதல் வகை தானாக நடந்துவிடும். இரண்டாவது வகைக்கு நேரம் ஒதுக்கினால்தான் உண்டு.

கேள்வியைச் சுருக்குங்கள்

தொடங்குபவர்களில் பெரும்பாலோர் விழும் இடம் இது. ‘மாணவர்களின் கணித ஆர்வத்தை மேம்படுத்துதல்’ என்பது கேள்வியே இல்லை, ஆசை. ‘செயல்வழிக் கற்றலின் தாக்கம்’ என்பது பிஎச்.டி.க்கே அகலம். உங்கள் கேள்வியில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்தப் பிள்ளைகள், எந்த வேலை, எந்த இடத்தில் தடுக்கிறது. ‘ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், நடுவில் சுழியம் உள்ள எண்ணிலிருந்து கடன் வாங்கிக் கழிக்கும்போது எங்கே தவறுகிறார்கள்?’ இது கேள்வி. ‘நான் கேள்வி கேட்டால் யார் யார் பதில் சொல்கிறார்கள், யார் வாயே திறப்பதில்லை?’ இதுவும் கேள்வி.

கேள்வி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை: இதற்கு விடை தெரிய நாளைக்கு வகுப்பில் எதைப் பார்ப்பீர்கள், எதை எண்ணுவீர்கள்? உடனே பதில் சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் சுருக்க வேண்டும். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளை முதல் சுற்றில் தவிர்த்துவிடுங்கள். ‘ஏன் இவர்கள் வீட்டுப்பாடம் செய்வதில்லை’ என்று ஆரம்பித்தால் பதில் வீட்டுச் சூழல், அப்பாவின் வேலை என்று வெளியே போய் நிற்கும். அதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் கையில் இல்லாததை உங்களால் மாற்றிப் பார்க்க முடியாது.

காலண்டரைப் பாருங்கள்

ஒரு சுற்றுக்கு ஆறு வாரம் போதும்: இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் கவனிக்க, மூன்று வாரம் மாற்றிப் பார்க்க, ஒரு வாரம் சரிபார்க்க. வாரத்துக்கு ஒரு வகுப்பு மட்டும் உள்ள ஞாயிறு ஆசிரியர்கள் பத்துப் பன்னிரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆறு வாரம் என்பதுதான் மும்பையில் சிக்கல். ஜூன் நடுவில் பள்ளி திறந்தாலும் ஊருக்குப் போன குடும்பங்கள் எல்லாம் திரும்பிவர ஜூன் கடைசி ஆகிவிடும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மழை விடுமுறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் தேங்கினால் பாதி வகுப்புதான் இருக்கும். பிறகு கணபதி, நவராத்திரி, அரையாண்டுத் தேர்வு, தீபாவளி விடுமுறை. ஜனவரியில் பொங்கலுக்குச் சில பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் உயர்நிலை ஆசிரியர்களைப் பொதுத்தேர்வு மேற்பார்வை இழுத்துக்கொள்ளும். மீதி இருப்பதில் நல்ல ஜன்னல், தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து கிறிஸ்துமஸ் வரை. முதல் சுற்றை அங்கே வையுங்கள். தேர்தல் ஆண்டாக இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்: கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர்களுக்கு மற்ற வெளிவேலைகளைத் தடுத்தாலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் விலக்கு வைத்திருக்கிறது.

சம்மதம்

உங்கள் வகுப்பை நீங்கள் கவனிப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம். ஆனால் அதை வெளியே காட்டப்போகிறீர்கள், குரல் பதிவு செய்யப்போகிறீர்கள், பிள்ளைகளின் எழுத்தை நகல் எடுக்கப்போகிறீர்கள் என்றால் வேண்டும். தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம்: என்ன கேள்வி, எத்தனை வாரம், என்ன சேகரிப்பு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும். பெற்றோருக்கு அதையே அரைப் பக்கத்தில், தமிழில். பெற்றோர் கூட்டத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடாமல் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள் என்று நம்பிவிட முடியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவுக்குப் பெற்றோரின் சம்மதத்தை முன்வைக்கிறது. ‘வேண்டாம்’ என்று சொன்ன வீட்டுப் பிள்ளை எல்லாப் பாடத்திலும் வழக்கம்போல் உட்காரும்; அவன் எழுதியது மட்டும் உங்கள் கோப்பில் சேராது.

பிள்ளையிடமும் கேளுங்கள். பெயருக்குப் பதில் எண்ணும் வைக்க வேண்டாம், வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் யார் என்று தெரிந்துவிடும். முல்லை, மருதம், வேம்பு என்று ஏதாவது புனைபெயர் வையுங்கள். எந்தப் பெயர் யாருடையது என்ற பட்டியல் ஒரே ஒரு தாளில், வீட்டில் இருக்கட்டும். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் எந்தப் படமும் போடாதீர்கள்.

நோட்டு

நூறு பக்கம் கோடு போட்ட ஒரு நோட்டு. இடப் பக்கத்தில் பார்த்தது, கேட்டது மட்டும். வலப் பக்கத்தில் நீங்கள் நினைத்தது. இந்தப் பிரிவினைக்கு முக்கியக் காரணம் இருக்கிறது. ‘பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள்’ என்பது பார்த்தது அல்ல, தீர்ப்பு. ‘மூன்றாவது பெஞ்சில் நாலு பேரில் இரண்டு பேர் நோட்டைத் திறக்கவில்லை; வேம்பு பக்கத்துப் பையனின் விடையைப் பார்த்து எழுதினான்’ என்பது பார்த்தது. ஆறு வாரம் கழித்து இடப் பக்கம் மட்டுமே சான்றாக நிற்கும். வலப் பக்கம், நீங்கள் எங்கே அவசரப்பட்டு முடிவுக்கு வந்தீர்கள் என்று காட்டிக்கொடுக்கும்.

பத்து நிமிடம், அன்றைக்கே. இரண்டு ஷிப்ட் பள்ளியில் மதிய ஷிப்ட் ஆள் வகுப்பறைக்குள் வருவதற்கு முன் எழுதிவிட வேண்டும், அல்லது ரயிலில். அடுத்த நாள் எழுதினால் மனம் அதற்குள் கதையை ஒழுங்குபடுத்திவிடும்; நன்றாகப் போன வகுப்பு இன்னும் நன்றாகத் தெரியும், கெட்டது மறந்துபோகும். தினமும் எழுத முடியாது என்றால் வாரத்துக்கு இரண்டு நாள், ஆனால் எந்த இரண்டு நாள் என்று முன்கூட்டியே குறித்துவிடுங்கள். ‘ஏதாவது சுவாரசியமாக நடந்தால் எழுதுகிறேன்’ என்றால் சுவாரசியமான நாட்களின் ஆவணம்தான் மிஞ்சும், சாதாரண வகுப்பு எப்படி இருந்தது என்று தெரியாது.

பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். தாராவிப் பிள்ளை ஒரே வாக்கியத்தில் நெல்லைத் தமிழும் இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசும். ‘மிஸ், ஜீரோக்கிட்டப் போயி எப்படி வாங்குறது, அதுக்கிட்டயே குச் நஹி’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை ‘மாணவருக்கு இடமதிப்பில் தெளிவின்மை’ என்று மாற்றி எழுதினீர்களோ, போச்சு. அந்தப் பிள்ளையின் சொல்லில் கடன் கொடுப்பவரிடம் பணம் இல்லை என்ற முழுத் தர்க்கமும் இருக்கிறது. உங்கள் சொல்லில் ஒன்றுமில்லை.

பிள்ளைகளின் நோட்டுகளே முதல் சான்று

புதிதாக வினாத்தாள், கேள்விப்பட்டியல் என்று தயாரிக்கும் முன், மேசையில் ஏற்கெனவே அடுக்கிவைத்திருக்கும் நோட்டுகளைப் பாருங்கள். நாம் சரி, தவறு என்று டிக் போட்டு மதிப்பெண் கொடுத்து மூடிவிடுகிறோம். ஆராய்ச்சிக்குத் தவறான விடைதான் சரக்கு.

503-இலிருந்து 278-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சரியான விடை 225. தவறான விடைகளை எழுதி அடுக்கினால் பெரும்பாலும் மூன்று வகை கண்ணில் படும். 375 என்று எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: எட்டில் மூன்று போனால் ஐந்து, ஏழில் சுழியம் போனால் ஏழு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. மேல் எண், கீழ் எண் என்ற எண்ணமே அந்தப் பிள்ளைக்கு இல்லை. எண்ணை மூன்று தனித்தனிப் பத்தியாகப் பார்க்கிறது. 205 என்று எழுதிய பிள்ளை ஒன்றுகளுக்காக நேராக ஐந்திடம் போய் வாங்கிவிட்டது. நடுவில் சுழியத்திலிருந்து ஏழு போகாது என்பதால் சுழியமே போட்டுவிட்டது. 235 எழுதிய பிள்ளைக்கு முறை கிட்டத்தட்டத் தெரியும். சுழியத்தைப் பத்தாக்கிவிட்டு, அதிலிருந்து ஒன்று கீழே போனதால் ஒன்பதாகிவிட்டதை மறந்துவிட்டது. மதிப்பெண் பட்டியலில் மூன்றும் சுழியம்தான். ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ‘நல்லா கவனிச்சுப் போடு’ என்பது மூன்றில் ஒன்றுக்கும் மருந்தில்லை.

‘கவனக்குறைவு’ என்ற சொல்லை நோட்டில் எழுதும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அதே வகைக் கணக்கு நாலு கொடுங்கள். கவனக்குறைவு என்றால் தவறுகள் சிதறி வரும். மூன்றில் ஒரே மாதிரித் தவறு வந்தால் அந்தப் பிள்ளை ஒரு விதியைப் பின்பற்றுகிறது, விதிதான் தப்பு.

முன்தேர்வுக்கு எட்டுக் கணக்கு போதும். கடனே வேண்டாதது இரண்டு (586 கழித்தல் 243 போல), ஒரு முறை கடன் வாங்குவது இரண்டு (562 கழித்தல் 238), நடுவில் சுழியம் இரண்டு, இரண்டு சுழியம் இரண்டு (700 கழித்தல் 346). கடன் வேண்டாத கணக்கைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: 375 எழுதும் பிள்ளை அதில் முழு மதிப்பெண் வாங்கும். அந்த வகைக் கணக்கு மட்டும் கொடுத்துச் சோதித்துவந்த ஆசிரியருக்குப் பல மாதம் இந்தக் கோளாறு தெரியாமலே போகும். பின்தேர்வில் அதே அமைப்பு, வேறு எண்கள். 604 கழித்தல் 357 நல்ல எண். மூன்று தவறுக்கும் மூன்று வேறு விடை வரும். எண்களைத் தேர்ந்தெடுத்ததும் நீங்களே ஒவ்வொரு தவறான முறையிலும் போட்டுப் பாருங்கள். இரண்டு தவறுகளுக்கு ஒரே விடை வந்தால் அந்தக் கணக்கால் பயனில்லை.

ஆறு பிள்ளைகளைத் தேர்ந்து தனியாக உட்காரவைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம், கணக்கைப் போட்டுக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள். நன்றாகச் செய்பவர் இருவர், நடுவில் இருவர், திணறுபவர் இருவர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வகுப்பறைக்குப் பொருந்தாது. ‘எப்படிப் போட்ட, எனக்குச் சொல்லிக் காட்டு’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கடினம். பிள்ளை தடுமாறினால் கை தானாக நோட்டுப் பக்கம் போகும். ‘சரி’, ‘ம்ஹும்’ என்று தலை ஆடும். தலை ஆடிய மறு நொடி பிள்ளை உங்கள் முகத்தைப் படித்து விடையை மாற்றிவிடும். அப்புறம் பிள்ளையின் யோசனை கிடைக்காது, உங்கள் முகத்தின் எதிரொலிதான் கிடைக்கும். சொல்லித்தருவது அடுத்த நாள்.

வகுப்புப் பேச்சை எண்ணுவது

வகுப்பில் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று வகைபிரித்துக் குறிக்கும் முறை, நெட் ஃப்ளாண்டர்ஸின் வகுப்பறை ஊடாட்டப் பகுப்பாய்வு. பலரும் பி.எட்.டில் படித்திருப்பார்கள்: பத்து வகை, அதில் ஏழு ஆசிரியர் பேச்சு, இரண்டு மாணவர் பேச்சு, ஒன்று மௌனமும் குழப்பமும். மூன்று நொடிக்கு ஒரு முறை குறிக்க வேண்டும், அதாவது நிமிடத்துக்கு இருபது. பாடம் நடத்திக்கொண்டே இதைச் செய்ய முடியாது. பதிவு வைத்துப் பின்னால் செய்யலாம், பழகிய கை வேண்டும். முதல் சுற்றுக்கு இது அதிகப்படி.

எளிய வழி, இருக்கை வரைபடம். ஏ4 தாளில் பெஞ்சுகளை வரைந்து, பதில் சொன்ன ஒவ்வொரு முறைக்கும் அந்தப் பிள்ளையின் கட்டத்தில் ஒரு குறி. தானாகக் கை தூக்கியிருந்தால் ‘த’, நீங்கள் கூப்பிட்டிருந்தால் ‘கூ’. இருபது நிமிடம் வீதம் மூன்று பாடங்கள். இதைப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து செய்துகொடுத்தால் மிக நல்லது. அவரிடம் ‘என் கிளாஸைப் பார்த்துச் சொல்லுங்க சார்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நல்லாத்தான் இருந்துச்சு’ என்ற மரியாதைப் பதில்தான் வரும். ஒரு தாளையும் ஒரு வேலையையும் கொடுங்கள்: ‘யார் பதில் சொல்றாங்கன்னு மட்டும் குறிச்சுக் கொடுங்க’. அடுத்த வாரம் அவர் வகுப்பில் நீங்கள். மாடிப்படியில் டீ குடிக்கும்போது தாளைப் பார்த்துப் பேசினால் ஆளைப் பற்றிய பேச்சாகப் போகாது. தலைமையாசிரியரையோ மேற்பார்வையாளரையோ இந்த வேலைக்குக் கூப்பிட வேண்டாம்; அவர்கள் உட்கார்ந்தால் அது இன்ஸ்பெக்‌ஷன் பாடம் ஆகிவிடும், நீங்களும் பிள்ளைகளும் நடிப்பீர்கள்.

அதே தாளில் இன்னொன்றும் பார்க்கலாம். கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இதை அளந்து எழுதினார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்பவர்கள் கூடினார்கள், ‘தெரியாது’ என்பது குறைந்தது. கேள்விக்குப் பின் உள்ள இடைவெளி ஒன்று. பிள்ளை பதில் சொன்னபின் நீங்கள் விழுந்தடித்துப் பேசாமல் இருக்கும் இடைவெளி இன்னொன்று. இரண்டாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு மொழியில் யோசித்து மூன்றாவது மொழியில் பதில் சொல்ல வேண்டிய மும்பைப் பிள்ளைக்கு அந்த மூன்று நொடி எவ்வளவு தேவை என்று நீங்களே அளந்து பாருங்கள்.

குரல் பதிவுக்குச் சாதாரண ஃபோன் போதும். சட்டைப் பையில் வைத்தால் துணி உரசும் சத்தம்தான் கேட்கும். மேசையில் வைத்தால் உங்கள் குரல் மட்டும் விழும். நடு பெஞ்சில் ஒரு டஸ்டர் துணியை மடித்து அதன்மேல் வையுங்கள், ஏர்பிளேன் மோடில் போட்டு. தகரக் கூரையில் மழை பெய்யும் நாளில் முயற்சியே வேண்டாம். முழுப் பாடத்தையும் எழுத்தில் எடுக்காதீர்கள். பத்து நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் பிடிக்கும். ஒரு முறை முழுக்கக் கேட்டு, கேள்விக்குத் தொடர்புடைய இரண்டு மூன்று நிமிடத்தை மட்டும் எழுதுங்கள். முதல் பதிவைத் தூக்கி எறிந்துவிடலாம், பிள்ளைகள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பு, நாலில் ஒரு பங்கு ஏ4 தாள் கொடுத்து ஒரே கேள்வி கேட்கலாம். ‘பாடம் பிடிச்சதா’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு மிஸ்’ என்று முப்பது தாள் வரும். ‘இன்னிக்கு எந்த இடத்துல குழம்புச்சு’ என்று கேளுங்கள். எந்த மொழியிலும், எந்த எழுத்திலும் எழுதட்டும். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனாலும் கையெழுத்து உங்களுக்குத் தெரியும், பிள்ளைக்கும் அது தெரியும். அதனால் அந்தத் தாளில் எழுதியதை வைத்து யாரையும் வகுப்பில் சுட்டிப் பேசிவிடாதீர்கள். ஒரே ஒரு முறை பேசிவிட்டால் அதன்பின் வரும் தாள்களை நம்ப முடியாது.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இரண்டு வாரத் தாள்களைப் பார்த்தபின் மூன்றாவது வாரம் மாற்றம். கழித்தல் எடுத்துக்காட்டில், நாலு பேர் கொண்ட குழுவுக்குக் காகிதத்தில் வெட்டிய நூறு ரூபாய் ஏழு, பத்து ரூபாய் பத்து, ஒரு ரூபாய் பதினைந்து. ஒரு பிள்ளை பேங்க். பொருள் வாங்கும் பிள்ளையின் கையில் ஐந்து நூறும் மூன்று ஒன்றும். கடைக்காரருக்கு 278 கொடுக்க வேண்டும். ஒரு நூறைப் பேங்கில் மாற்றினால் பத்து ரூபாய்த் தாள் பத்து வரும். அதில் ஒன்றை மாற்றினால் ஒரு ரூபாய்த் தாள் பத்து. மேசையில் மிச்சம் எத்தனை பத்து ரூபாய் என்று எண்ணச் சொல்லுங்கள். ஒன்பது. 235 எழுதிய பிள்ளைக்கு அந்த ஒன்பது எங்கிருந்து வருகிறது என்று அங்கே தெரியும். காகிதத்தில் செய்ததை உடனே பக்கத்திலேயே கணக்காகவும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் விளையாட்டு ஒரு பக்கம், நோட்டுக் கணக்கு ஒரு பக்கம் என்று பிரிந்தே இருக்கும். இந்த முறை சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

அதே வாரத்தில் இருக்கையையும் மாற்றி, பரிசும் அறிவித்து, வீடியோவும் போட்டீர்கள் என்றால் எது வேலை செய்தது என்று சொல்ல வழியே இல்லை. ஆர்வம் புரிகிறது, அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயன் தரும் என்று தெரிந்த ஒன்றைப் பக்கத்து வகுப்புக்குக் கொடுக்காமல் வைத்து ‘ஒப்பீட்டுக் குழு’ உண்டாக்கவும் வேண்டாம். மூன்று வாரம் தள்ளி அவர்களுக்கும் கொடுங்கள். ஒப்பீடும் கிடைக்கும், யாருக்கும் நட்டமில்லை.

கணக்குப் பார்ப்பது

முப்பது பேர் வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 3.3 சதவீதம். ‘10 சதவீத முன்னேற்றம்’ என்றால் மூன்று பிள்ளைகள். சதவீதத்தை விட்டுவிட்டு ஆளை எண்ணுங்கள். ஒரு பெரிய தாளில் பிள்ளைக்கு ஒரு வரி: முன்தேர்வில் எந்த வகைத் தவறு, பின்தேர்வில் என்ன, ஆறு வாரச் சுற்று முடிந்து மூன்று வாரம் கழித்து மறுபடி கொடுத்தபோது என்ன. 375-லிருந்து 235-க்கு வந்த பிள்ளைக்கு மதிப்பெண் ஏறியிருக்காது, ஆனால் பெரிய தூரம் வந்திருக்கிறது. இந்தத் தாளை விரித்துவைத்தால், இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனை சொல்லாத விஷயம் தெரியும். புள்ளியியல் தெரிந்தவர் அதையும் போட்டுக்கொள்ளட்டும், தடையில்லை.

ஏமாறும் இடங்கள் சில. இரண்டு தேர்வுக்கும் வந்த பிள்ளைகளை மட்டும் ஒப்பிடுங்கள். மழைக்கு வராமல் போனவர்களில் திணறுபவர்கள் அதிகம் இருந்தால், யாரும் எதுவும் கற்காமலே வகுப்புச் சராசரி ஏறிவிடும். முன்தேர்வில் மிகக் குறைவாக எடுத்த ஐந்து பேரை மட்டும் பிரித்துப் பார்த்தால், நீங்கள் எதுவுமே செய்யாவிட்டாலும் சிலர் ஏறுவார்கள். அன்றைக்குக் காய்ச்சலோ, இரவு தூக்கமில்லையோ. பின்தேர்வை மறுநாளே வைத்தால் நினைவு சோதிக்கப்படுகிறது, புரிதல் இல்லை. அதனால்தான் மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை.

நோட்டின் இடப் பக்கங்களை ஒரே இருப்பில் படித்து, ஓரத்தில் ஒன்றிரண்டு சொல்லில் குறிப்பு எழுதுங்கள்: ‘பார்த்து எழுதல்’, ‘ஜீரோவில் நின்றது’, ‘நான் முந்திக்கொண்டேன்’. ஒரே குறிப்பு பல இடத்தில் வந்தால் அதைச் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் கட்டாயம் எதிர்ச்சான்று தேடுங்கள். உங்கள் மாற்றம் யாருக்குப் பலிக்கவில்லை? அந்த மூன்று நாலு பேரின் தாள்தான் அடுத்த சுற்றின் கேள்வி. எல்லோருக்கும் பலித்துவிட்டது என்று வந்தால் சந்தோஷப்படும் முன் பின்தேர்வு எளிதாகிவிட்டதா என்று பாருங்கள்.

எழுதுவதும் காட்டுவதும்

நாலு பக்கம் போதும். கேள்வி அரைப் பக்கம். வகுப்பும் காலமும் கால் பக்கம். என்ன பார்த்தேன் என்பது ஒன்றரைப் பக்கம், பிள்ளைகளின் விடைகளோடு. என்ன மாற்றினேன் என்பது இன்னொருவர் படித்து அப்படியே செய்யும் அளவுக்கு, எத்தனை காகிதம் வெட்ட வேண்டும் என்பது வரை. கடைசியில் என்ன ஆனது, யாருக்கு ஆகவில்லை. ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற சொல் வேண்டாம். ஒரு வகுப்பில் ஆறு வாரம் பார்த்ததை வைத்து எதுவும் நிரூபணம் ஆகாது. இந்த வகுப்பில் இப்படி நடந்தது என்று சொல்லலாம், அதுவே அடுத்த ஆசிரியருக்கு நிறைய.

அலுவலகம் ஐந்து அத்தியாயம் கேட்டால் இந்த நாலு பக்கத்தை அந்தத் தலைப்புகளில் பிரித்துப் போட்டுக்கொடுங்கள். தலைகீழாகச் செய்தால்தான் சிக்கல். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பணித்திறன் மேம்பாட்டைச் சொல்கிறது; பயிற்சிக் கூட்டங்களில் பவர்பாயின்ட் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில் இதைப் பேச பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். அறிவியல், கணித ஆசிரியர்களுக்கு மான்கூர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதையே ஆராய்பவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள்.

கூட்டத்துக்குப் போகும்போது ஸ்லைடு வேண்டாம். பெயரை மறைத்து நகல் எடுத்த மூன்று பிள்ளைகளின் தாள், ஆளுக்கு ஒரு படி. முதல் ஐந்து நிமிடம் நீங்கள் எதுவும் சொல்லாமல், ‘இந்தப் பிள்ளை எப்படி யோசிச்சிருக்கும்?’ என்று கேட்டுவிட்டு அவர்களைப் பேசவிடுங்கள். குரல் பதிவுகளைச் சம்மதக் கடிதத்தில் சொன்ன தேதியில் அழித்துவிட்டு, அழித்ததை நோட்டில் தேதியோடு குறியுங்கள். ஃபோனிலிருந்து அழித்தாலும் கூகுள் டிரைவில் ஒரு படி உட்கார்ந்திருக்கும், அதையும் பாருங்கள்.